டென்மார்க் மோரும் ஊட்டி வர்க்கியும்

ஊட்டி, குன்னூர் போய் வருகிறவர்கள் வர்க்கி வாங்காமல் மலையிறங்குவதில்லை. வீட்டில் டீயில் தோய்த்துத் தின்று தீர்த்த பிறகு, டப்பா அடியில் நொறுங்கல் மிஞ்சும். அதைக் கொட்டிவிடாதீர்கள். டென்மார்க்காரர்களுக்குப் பிடித்த ஒரு கோடை இனிப்பு அதற்காகவே காத்திருக்கிறது.

அதன் பெயர் கோல்ட்ஸ்கோல். 'குளிர்ந்த கிண்ணம்' என்று அர்த்தம். புளித்த மோரில் முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை, வெனிலா, எலுமிச்சை சேர்த்து, சில்லென்று கிண்ணத்தில் ஊற்றி, மேலே சின்னச் சின்ன மொறுமொறு பிஸ்கட்டுகளைப் போட்டு ஸ்பூனால் சாப்பிடுவார்கள். மோரில் சர்க்கரையா என்று முகம் சுளிக்க வேண்டாம், லஸ்ஸி குடிக்கிறோமே!

1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில்தான் இருந்தது. அதற்காக மோரை அவர்களிடம் கற்க வேண்டியதில்லை. நீலகிரித் தோடர்கள் எருமைப் பால் கறந்து கடைவதையே வழிபாடாக வைத்திருப்பவர்கள். அவர்களின் கோயிலே ஒரு பால்மனைதான்.

நாலு பேருக்கு அரை லிட்டர் கெட்டித் தயிர், ஒரு டம்ளர் பால் போதும். நம் வீட்டு மோர் நீர்த்துப்போனது, இதற்கு ஆகாது. தயிர் அதிகம் புளிக்கவும் கூடாது. மலையில் இருப்பவர்களுக்குப் புளிப்பு பிரச்னையே இல்லை, தயிர் உறைவதுதான் பெரும்பாடு. வெதுவெதுப்பான பாலில் ஒரு ஸ்பூன் உறை கூடுதலாக விட்டு, ஹாட்பாக்ஸில் மூடி, கம்பளி சுற்றி வைத்தால் காலையில் உறைந்திருக்கும்.

டென்மார்க்கில் மஞ்சள் கருவைப் பச்சையாகவே அடித்துச் சேர்ப்பது வழக்கம். நம் வீட்டில் அது வேண்டாம். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் சாப்பிடும் பண்டத்தில் பச்சை முட்டை ஆபத்து. இரண்டு மஞ்சள் கருவோடு நாலு டேபிள்ஸ்பூன் சர்க்கரையும் அந்தப் பாலும் சேர்த்து, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கிளறுங்கள். கரண்டியின் பின்புறத்தில் கலவை படிந்து, விரலால் கோடு போட்டால் கோடு அப்படியே நிற்க வேண்டும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத்தான் அது தொல்லை, இதற்கு அந்தச் சூடு தாராளம்.

கலவை நன்றாக ஆறட்டும். சூட்டோடு ஊற்றினால் தயிர் திரிந்துவிடும். ஆறியதும் கடைந்த தயிரில் கலந்து, வெனிலா எசென்ஸ் அரை ஸ்பூன், எலுமிச்சைத் தோல் துருவல் ஒரு சிட்டிகை சேருங்கள். சாறு, ருசி பார்த்துச் சில சொட்டு. முட்டை சாப்பிடாதவர்கள் கருவுக்குப் பதில் நாலு ஸ்பூன் ஃப்ரெஷ் க்ரீம் அடித்துச் சேர்க்கலாம், அடுப்பே தேவையில்லை.

இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். ஸ்ட்ராபெரி கிடைத்தால் நறுக்கிப் போடுங்கள். வர்க்கியை மட்டும் ஸ்பூனைக் கையில் எடுத்த பிறகுதான் நொறுக்கிப் போட வேண்டும், ஐந்து நிமிஷத்தில் ஊறிக் கூழாகிவிடும். மிச்சத்தை மறுநாளுக்குள் காலி செய்துவிடுங்கள்.