வேகமும் கொட்டிலும்

தமிழாசிரியன் ஒருவன் விழா மலருக்கு எழுதுங்கால் இலக்கியம், சமயம், மொழி என்னும் மூன்றனுள் ஒன்றைப் பற்றியே எழுதுவான் என எதிர்பார்ப்பது உலக இயல்பு. யான் எடுத்துக்கொண்ட பொருள் அம் மூன்றனுள்ளும் அடங்காது. பழைய மோட்டார் வண்டியொன்றை வீட்டுக் கொட்டிலிலே பிரித்து, வேண்டாதன களைந்து, வேண்டுவன கூட்டி, விரைந்தோடும் ஊர்தியாக ஆக்கும் தொழிலைப் பற்றி எழுதப் புகுகின்றேன். அமெரிக்கர் அவ்வூர்தியை 'ஹொட் றொட்' என்பர். தமிழ் வாத்தியாருக்கும் இதற்கும் என்ன தொடர்பு எனக் கேட்போர்க்கு என் விடை ஒரு சொல்லில் அடங்கும்: விழாநிதி. நுழைவாயிலில் அலங்கார வளைவொன்று எழுப்புதல் வேண்டும் என்பார் ஒரு சாரார். மண்டபத்தை விரித்துக் கட்டுதல் வேண்டும் என்பார் மற்றொரு சாரார். இரண்டும் நல்லனவே. மூன்றாவதாக ஒன்றை யான் வேண்டி நிற்கின்றேன். மைதானத்தின் பின்புறத்தே ஒரு தொழிற்கொட்டில் அமைத்தல் வேண்டும்.

பேலியகொடையிலிருந்து புத்தளம் வரும் ஏ 3 வீதியைப் பழைய மாணவர் அனைவரும் அறிவர். சிலாபம் கடந்த பின்னர் அது நெடுந்தூரம் மட்டமாகவும் நேராகவும் செல்வது. இரவு பத்து மணிக்கு மேல் அவ்வீதியில் எழும் ஓசையையும் அறிவர். மோட்டார் சைக்கிளின் சைலன்சரைக் கழற்றிவிட்டு, ஒருவரையொருவர் முந்த நினைத்துப் பறக்கும் இளைஞர் எழுப்பும் ஓசை அது. அவர்களுட் சிலர் நம் வகுப்புகளில் இருந்தவர்கள். தலைக்கவசம் அணியுமாறு காலைக் கூட்டத்தில் யாம் கூறுகின்றோம். காவற்றுறையினர் வந்து விரிவுரை நிகழ்த்துகின்றனர். பெற்றோர் திட்டுகின்றனர். இத்தனைக்கும் பின்னர், மகனை இழந்த வீட்டு முற்றத்தில் நின்று, தாய்க்கு என்ன சொல்வதென்று அறியாது திரும்பிய நாட்கள் ஆசிரியர் பலர்க்கு உண்டு. திட்டுவதனால் வேக விருப்பம் ஒழியும் என்றிருந்தால் அது எப்போதோ ஒழிந்திருக்கும். அவ்விருப்பத்திற்கு ஓர் இடமும் ஒரு வேலையும் ஒரு விதியும் கொடுத்துப் பார்த்தோமா என்பதே என் வினா.

அமெரிக்காவில் கொடுத்துப் பார்த்தனர். ஹொட் றொட் என்பது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. 1908 முதல் 1927 வரை போர்ட் நிறுவனத்தார் 'ரி' மாதிரி வண்டிகளை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து விற்றனர். அவை பழுதாகிப் பழைய இரும்புக் கடைகளில் மலையாகக் குவிந்தன. 1930களின் பொருளாதார மந்தத்திலே புதிய வண்டி வாங்க வகையற்ற கலிபோர்ணியா இளைஞர், அக்குவியலிலிருந்து சில காசுக்கு ஓர் உடலை வாங்கினர்; வேறொரு வண்டியிலிருந்து எஞ்சினை எடுத்தனர். பாரம் குறைவதற்காகச் சேறு காப்புத் தகடுகளைக் கழற்றி எறிந்தனர். முன் அச்சை வளைத்து வண்டியைத் தாழ்த்தினர். காற்று தடுக்காமலிருக்கக் கூரைத் தூண்களை அரிந்து கூரையை இறக்கினர். 1932இல் போர்ட் நிறுவனம் எட்டு உருளைகள் கொண்ட 'வி 8' எஞ்சினை மலிவான வண்டியிலே பொருத்தியதும் இளைஞர்க்குப் பொற்காலம் பிறந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் ஆற்றல் 65 குதிரைவலுவே. கொட்டிலிலே கார்புறேற்றர் ஒன்றிருந்த இடத்தில் இரண்டை வைத்து, உருளைத் தலையைச் சீவி அமுக்க விகிதத்தை உயர்த்தி, அதனினும் மிகுதியான ஆற்றலைக் கறந்தனர்.

அவர்களும் முதலில் ஊர்த் தெருக்களில்தான் ஓட்டினர். இறந்தவரும் உளர், பத்திரிகைகள் தூற்றவும் செய்தன. ஆயின் மொகாவிப் பாலைவனத்திலே மியூரொக், எல் மிறாஜ் முதலிய வறண்ட ஏரிகள் இருந்தன. நீர் வற்றிச் சுட்ட ஓடுபோல் இறுகிய தரை அது. இளைஞர் அங்கே சென்று, ஒருவரோடொருவர் மோதாமல், ஒவ்வொருவராக ஓட்டிக் காலத்தை அளந்தனர். 1937இல் குழுக்கள் ஒன்றுசேர்ந்து தென் கலிபோர்ணியக் கால அளவீட்டுச் சங்கத்தை நிறுவின. 1949இல் அச்சங்கத்தார் யூட்டா மாநிலத்துப் பொனவில் உப்பு வெளியிலே வேக வாரத்தைத் தொடங்கினர். 1951இல் தேசிய ஹொட் றொட் சங்கம் பிறந்தது. தெருவில் ஓடியவனைத் தெருவினின்று எடுத்து, ஓட்டத்தின் முன் அவன் வண்டியைச் சோதித்து, விதி மீறினால் நீக்கிவைக்கும் அதிகாரம் அவனையொத்த இளைஞர் கையிலேயே இருந்தது. காவலர் சொன்னால் கேளாதவன் தோழர் சொன்னால் கேட்பான். இதனை வகுப்பறையில் நாடோறும் காண்கின்றோம்.

உப்பு வெளி என்றவுடன் நம் மாணவர் விழிகள் விரியும். 'ஐயா, எங்கள் உப்பளத்திலும் ஓட்டலாமே' என ஒருவன் கேட்டும்விட்டான். பொனவில் என்பது மிகப் பழைய ஏரியொன்று வற்றிய இடத்திலே படிந்து கல்லாய் இறுகிய உப்புத் தளம். புத்தளத்து உப்பளமோ மனிதர் வரம்பு கட்டி நீர் பாய்ச்சி விளைவிக்கும் பாத்தி. உப்பின் அடியில் இருப்பது சேறு. அதில் வண்டியை இறக்குபவன் அதைத் திரும்பக் காணப்போவதில்லை. ஆயினும் அவ்வுப்பு நமக்கு வேறொரு பாடத்தைக் கற்பிக்கின்றது. கடற்காற்றிலுள்ள உப்பு ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். உப்பு நீர் மின்னோட்டத்துக்கு வழிவிடும். ஆதலின் இரும்பு இங்கே விரைந்து துருப்பிடிக்கும். கற்பிட்டிக் கடலோடி தன் படகின் எஞ்சினை நன்னீரால் அலசாது வைக்கமாட்டான். பழைய வண்டியைத் தொடுபவன் முதலில் செய்ய வேண்டுவதும் இதுவே. சுத்தியலால் தட்டித் துருவின் ஆழத்தை அறிந்து, கெட்டதை வெட்டியெறிந்து, நல்ல தகட்டை ஒட்டிப் பூச்சிடுதல் வேண்டும். துருவின் மேல் வண்ணம் அடிப்பவன் தன்னையே ஏமாற்றுகின்றான். எங்கள் ஊர் ரிங்கர் வேலையாட்கள் சிலர் இக்கலையைச் செய்வதை நின்று பார்த்திருக்கின்றேன். செய்யுளுக்கு அசை பிரிப்பதிலும் அவர்கள் செவி நுட்பம் குறைந்ததன்று. தட்டும் ஓசையிலேயே தகட்டின் கனத்தைச் சொல்லிவிடுவர்.

இனி பிரேக்கைப் பற்றிச் சொல்லல் வேண்டும். என் வாதத்தின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. பழைய போர்ட் வண்டிகளில் பிரேக்கு கம்பிகளாலும் தண்டுகளாலும் இயங்கியது. மிதித்தால் நான்கு சக்கரமும் ஒத்துப் பிடிக்கும் என்பதற்கு உறுதி இல்லை. 1939ஆம் ஆண்டு வண்டியிலேதான் போர்ட் நிறுவனத்தார் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கை முதலில் வைத்தனர். உடனே ஹொட் றொட் இளைஞர் நொறுங்கிய 1939 வண்டிகளைத் தேடி அலைந்து, அவற்றின் பிரேக்குகளைக் கழற்றித் தம் பழைய வண்டிகளிற் பூட்டினர். இன்றும் மரபுவழி ஹொட் றொட் செய்வோர், அதாவது அக்காலத்துப் பாகங்களையும் முறைகளையுமே கொண்டு செய்வோர், இவ்வழக்கத்தைப் போற்றுகின்றனர். ஓடவைக்கும் முன் நிறுத்தவைக்கும் இவ்வொழுங்கு விரிவுரையால் வந்ததன்று. தன் கையால் அச்சைப் பூட்டி, தன் கையால் ஆணியை இறுக்கி, அதன்மேல் தானே ஏறி உட்காருபவனுக்கு அது தானாக வரும். தவணைக்கு வாங்கிய மோட்டார் சைக்கிளின் பிரேக்கு எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறியாமலே அதனை நூறு கிலோமீற்றரில் ஓட்டுபவனுக்கு அஃது எங்ஙனம் வரும்?

நம்மவர்க்கு இக்கைத்திறன் இல்லை என்பாரும் உளர். அவர்க்கு யாழ்ப்பாணத்தைக் காட்டுவேன். 1990களில் வடக்கிலே எரிபொருட்டடை இருந்தபோது பெற்றோல் பொன்னினும் அரிதாயிற்று. ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் முதலிய பழைய வண்டிகளை அங்குள்ள கைவினைஞர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினிலே எளிதில் ஆவியாகாது. ஆதலால் சிறு குப்பியிலிருந்து சில துளி பெற்றோலைக் கார்புறேற்றருக்குள் விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அவ்வண்டிகளின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியிருந்ததால் தரங்குறைந்த எரிபொருளையும் அவை பொறுத்துக்கொண்டன. கலிபோர்ணியா இளைஞன் வேகத்துக்காக விகிதத்தை உயர்த்தினான். யாழ்ப்பாணத்தானுக்கோ தாழ்ந்த விகிதமே துணையாயிற்று. நோக்கம் எதிரெதிரானது, அறிவு ஒன்றே. 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, அந்த அறிவுடையோர் நம்மிடையே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்திருக்கலாம்.

தமிழகத்திலும் சான்று உண்டு. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பை வெறுத்தவர். இளமையில் மோட்டார் சைக்கிள் ஒன்றை உழைத்து வாங்கி, அதனைப் பிரித்துப் பூட்டியே இயந்திரக் கல்வி பெற்றார். 1920இல் ஒரு பேருந்துடன் தொழில் தொடங்கினார். அவர் பெயரை நம் பாடநூல்களில் தேடினால் எளிதிற் கிடைக்காது. புறநானூற்றிலே ஔவையார் அதியமானின் ஆற்றலை உணர்த்த எடுத்துக்கொண்ட உவமை எதுவென மாணவரைக் கேட்கின்றேன். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன், ஒரு திங்கள் முழுதும் முயன்று செய்த ஒற்றைச் சக்கரம் என்று அவர்கள் மனப்பாடமாய் விடை எழுதுகின்றனர். அச்சக்கரத்துக்கு ஏன் ஒரு திங்கள் வேண்டியிருந்தது என்று கேட்டால் விழிக்கின்றனர். சக்கரமொன்றைக் கழற்றிப் பூட்டியவன் விழிக்கமாட்டான்.

எங்கே ஓட்டுவது என்ற வினா எஞ்சுகின்றது. சென்னைக்கு அண்மையிலுள்ள சோழவரம் விமான ஓடுபாதையிலே, 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தினர். வீட்டுக் கொட்டிலில் உருவான வண்டிகள் அங்கே ஓடின. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை அமைந்தது. நம் நாட்டிலே கட்டுக்குருந்த ஓடுபாதையிலும் பந்தயங்கள் நடந்துள்ளன. இரண்டாம் உலகப் போரின்போது அது பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளமாக இருந்தது; 'உக்குஸ்ஸ' என்று பெயர். அதன் உடன்பிறப்பான 'ராஜாளிய' எங்கே இருந்தது தெரியுமா? நம் பாலாவியிலேதான். யானைகள் அங்கே போர் விமானங்களை இழுத்துச் செல்லும் புகைப்படங்கள் உள. இன்று அவ்விடம் விமானப்படையின் பொறுப்பில் உள்ளது. ஆண்டில் ஒரு ஞாயிறு, அம்புலன்ஸ் வண்டியும் தீயணைப்போரும் நிற்க, மாணவர் செய்த வண்டிகளை ஒவ்வொன்றாக ஓட்டிக் காலம் அளக்க இடந்தருமாறு விண்ணப்பிப்பதில் என்ன தவறு? மறுத்தால் மறுக்கட்டும். கேட்காமலிருப்பதற்கு அது காரணமன்று.

தடைகளைச் சுருங்கச் சொல்வேன். 1951ஆம் ஆண்டு 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் உண்டு. எஞ்சினை மாற்றி, தகடுகளைக் கழற்றிய வண்டியைப் பொது வீதியில் நினைத்தவாறு ஓட்டுதல் ஆகாது. ஓட்டவேண்டும் என்று யானும் சொல்லவில்லை. வீதிக்கு வராமையே இதன் பயன். இரண்டாவது, செலவு. 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால் பழைய வண்டிகளின் விலையும் ஏறிவிட்டது. ஆதலின் நல்ல நிலையிலுள்ள மொறிஸ் மைனரை வாங்கி அறுப்பதற்கு ஒருபோதும் உடன்படேன். அது பணவிரயம் மட்டுமன்று, பாவமும் ஆகும். உடைந்து கிடப்பதே நமக்கு உரியது. மூன்றாவது, பரீட்சை. 2013இல் உயர்தரத்திலே தொழினுட்பவியற் பிரிவு தொடங்கப்பட்டது. அதிற் பயிலும் மாணவரும் மாணவியரும் படத்தில் காணும் பற்சக்கரப் பெட்டியைக் கையால் தொட்டால் புள்ளி குறையுமா?

வேண்டுவன மிகுதியல்ல. தகரக் கூரை, சீமெந்துத் தரை, நல்ல வெளிச்சம், ஒட்டு இயந்திரம், பாரந்தூக்கி, ஸ்பனர் வரிசை, தீயணைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி. கற்பிப்பதற்குப் பட்டதாரி தேவையில்லை. ஓய்வு பெற்ற பாஸ் ஒருவர் சனிக்கிழமைகளில் வரச் சம்மதித்துள்ளார். வேதனம் பேசவில்லை, மதியச் சாப்பாடு கேட்டார். வளைவு வேண்டுவோர் கோபியாதிருப்பாராக. வளைவுக்கு வரையப்பட்ட மதிப்பீட்டின் அரைப்பங்கிலே இது முடியும்.

முந்தல் பக்கத்துத் தென்னந்தோட்டம் ஒன்றிலே மொறிஸ் மைனர் ஒன்று கிடக்கின்றது. தரைத் தகடு முழுதும் துரு, கதவொன்றைக் காணவில்லை, எஞ்சின் இறுகிவிட்டது. உரியவர் நம் பழைய மாணவர். பதிவுப் புத்தகத்துடன் இலவசமாகத் தருவதாகக் கூறியுள்ளார், மழைக்கு முன் எடுத்துச் செல்லல் வேண்டும் என்னும் நிபந்தனையோடு. பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் ஒன்றும், தூக்கி ஏற்ற எட்டுப் பேரும் வேண்டும். வர விரும்புவோர் ஆசிரியர் அறையிலே தம் பெயரைக் கொடுக்கலாம்.