மாடிக்கு வாட்டம் இருக்கிறதா?



புரட்டாசி பிறந்துவிட்டது. அடைமழைக்கு இன்னும் சில வாரங்கள்தான். இந்த நாட்களில் நம் இதழுக்கு வரும் கடிதங்களில் பாதி, எந்த வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் நல்லது என்றுதான் கேட்கின்றன. பெயின்ட் விஷயம் இருக்கட்டும்; மழை விட்ட பிறகு உங்கள் மொட்டை மாடியில் தண்ணீர் நிற்கிறதா? நின்றால், எந்தப் பூச்சும் இரண்டு மூன்று மழைக்காலத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பது சிரமம். ஓடிப்போன தண்ணீர் ஒழுகாது.

மாடி மட்டமாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அனுபவமுள்ள கொத்தனார் ஒப்புக்கொள்ள மாட்டார். பத்தடிக்கு ஒரு அங்குலமாவது இறங்க வேண்டும் என்பார். ஒன்றரை கொடுத்தால் இன்னும் நல்லது. கான்கிரீட்டைப் பெரும்பாலும் மட்டமாகத்தான் போடுகிறார்கள். இந்த இறக்கம், அதாவது வாட்டம், அதன்மேல் போடும் ஜல்லித் தளத்தில்தான் வர வேண்டும். சென்னையின் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தெளித்து, சித்தாட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். தளம் இறுகிய பிறகுதான் தட்டோடு. இன்று அத்தனை பொறுமைக்குக் கூலி கொடுக்க யாரும் தயாரில்லை. சிமென்ட் கலவையில் ஒரே நாளில் முடிக்கிறோம். முடிக்கிற அவசரத்தில் நூல் பிடித்துப் பார்ப்பதும் விட்டுப்போகிறது.

குழாய் எங்கே என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். முப்பதடி நீள மாடிக்கு ஒரு கோடியில் மட்டும் குழாய் வைத்தால், குழாய் வாயில் இரண்டு அங்குலக் கனத்தில் தொடங்கும் தளம் மறுகோடியில் ஐந்து அங்குலமாகிவிடும். அத்தனை பாரமும் கான்கிரீட்டின் தலையில். செலவைப் பார்த்து மேஸ்திரி வாட்டத்தைக் குறைப்பதும் இங்கேதான். நடுவில் மேடு வைத்து இரு பக்கமும் இறக்கினால் கனமும் குறையும், தண்ணீர் ஓட வேண்டிய தூரமும் குறையும். குழாய் நான்கு அங்குலம் இருக்கட்டும், குறைந்தது இரண்டு குழாய்கள் இருக்கட்டும். ஒன்றை வேப்பிலையோ காக்கை போட்ட எலும்போ அடைத்தாலும் இன்னொன்று காப்பாற்றும். இரண்டும் அடைத்து, ஆயிரம் சதுரஅடி மாடியில் ஓர் அங்குலம் தண்ணீர் நின்றால் அதன் எடை சுமார் 2,350 கிலோ.

மாடித்தோட்டம் போடச் சொல்லி நம் இதழிலேயே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். போடுங்கள். ஆனால் தொட்டிகளை நேராகத் தரையில் வரிசை கட்டி வைக்காமல் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். ஏசி ஸ்டாண்ட், சோலார் கால்கள் இவற்றுக்கும் இதே விதிதான்: தண்ணீர் வரும் வழியில் குறுக்கே சிமென்ட் மேடை கட்டக் கூடாது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் கலவை வைத்து வளைவாக உருட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பல வீடுகளில் ஈரம் முதலில் இறங்குவது அங்கேதான்.

மழைநீர் சேகரிப்பு 2003-இலிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம். ஆயிரம் சதுரஅடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே தொள்ளாயிரம் லிட்டருக்கு மேல் விழுகிறது. வாட்டம் தப்பாக இருந்தால் அதில் ஒரு பங்கு உறைகிணற்றுக்குப் போகாமல் மாடியிலேயே கொசு வளர்க்கும்.

தளத்தைப் பெயர்த்து மறுபடி போடும் வேலையை இப்போது தொடங்காதீர்கள். பாதியில் மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள் குடைதான். பழைய ஓட்டின் மேலேயே இன்னொரு ஓடு பதிக்கலாம் என்று சொல்பவர்களுக்கும் தலையாட்ட வேண்டாம், பாரம் ஏறும். இந்த ஆண்டுக்குக் குழாய் வாயைச் சுத்தம் செய்து வலை மாட்டினால் போதும். முதல் பெருமழை விட்டதும் ஒரு சாக்பீஸோடு மேலே போய், தேங்கிய தண்ணீரைச் சுற்றிக் கோடு போடுங்கள். நடுவில் ஒரு ஸ்கேலை நிறுத்தி ஆழத்தையும் பக்கத்திலேயே எழுதி, செல்போனில் படம் எடுத்து வையுங்கள். தை பிறந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டு அதைக் காட்டுங்கள். சின்னப் பள்ளமென்றால் கொத்திவிட்டு நிரப்புவார்; கோடுகள் பாதி மாடியைச் சுற்றி ஓடினால் முழுத் தளத்துக்கும் மதிப்பீடு கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்