வேதாளம் கொடுத்த வீட்டுப்பாடம்

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணி. சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு வீடு. ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு மறுநாள் காலை ‘எங்கள் பகுதியின் வரலாறு’ புராஜெக்டைக் கொடுத்தாக வேண்டும். சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் தரையில் கிடக்கின்றன. அவளோ, தாத்தா பைண்டு செய்து வைத்திருக்கும் பழைய ‘அம்புலிமாமா’வில் மூழ்கியிருக்கிறாள்.

“முதல்ல அந்தக் கதைப் புத்தகத்தை மூடு. போன்ல பார்த்து நாலு பாரா எழுதினா வேலை முடிஞ்சுது” என்கிறார் அம்மா.

பத்தே நிமிடத்தில் நாலு பாரா தயார். தாத்தா வாங்கிப் பார்க்கிறார்.

“சுங்குராம செட்டின்னு எழுதியிருக்கியே, அவர் யாரும்மா?”

“தெரியல தாத்தா. போன்ல இருந்துச்சு, எழுதினேன்.”

பல வீடுகளில் புராஜெக்ட் இப்படித்தான் முடிகிறது. கை எழுதுகிறது; மனசுக்குள் ஒன்றும் போவதில்லை. மதிப்பெண் மட்டும் வந்துவிடும்.

தாத்தா திட்டவில்லை. “இதையே உன் வேதாளம் சொல்ற கதையா எழுதிப் பாரேன்” என்றார்.

வேதாளக் கதைகள் மிகப் பழையவை. 11-ம் நூற்றாண்டில் காஷ்மீரத்து சோமதேவர் எழுதிய ‘கதாசரித்சாகர’த்தில் இருபத்தைந்து கதைகளாக இவை இருக்கின்றன. நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் சென்னையிலிருந்து தொடங்கிய பத்திரிகைதான் அம்புலிமாமா. தோளில் பிணம், கையில் வாள் என்று விக்கிரமாதித்தனை அதில் வரைந்து நம் மனதில் நிறுத்தியவர் ஓவியர் சங்கர். இருபத்தைந்து கதைகளும் தீர்ந்த பிறகும் தொடர் நிற்கவில்லை. அதே மரம், அதே ராஜா, அதே வேதாளம். உள்ளே மட்டும் மாதம் ஒரு புதுக் கதை. பெரியவர்கள் வருஷக்கணக்காகச் செய்த அந்த வேலையை ஒரு பள்ளி மாணவியும் செய்து பார்க்கலாமே!

அவள் எழுத உட்கார்ந்தாள். கதை என்றால் ஆட்கள் வேண்டும். ஆட்கள் யார், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிய வேண்டும். மறுபடி போனை எடுத்தாள். இந்த முறை தேடிப் படித்தாள். கிழக்கிந்திய கம்பெனிக்கு ஏற்றுமதிக்குத் துணி வேண்டும். 1734-ல் கவர்னர் மார்ட்டன் பிட், கூவம் வளையும் இடத்தில் ஒரு நெசவாளர் குடியிருப்பை அமைக்கிறார். அங்கே தோட்டம் வைத்திருந்தவர்தான் சுங்குராம செட்டி. கம்பெனியின் தலைமை வணிகராக இருந்தவர். தோட்டம் போனது, தறிகள் வந்தன. சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள்.

“நம்ம ஏரியா பேர்ல தறி இருக்கா!” என்று நிமிர்ந்தாள் பெண். நாலு பாரா எழுதியபோது இந்த ஆச்சரியம் வரவில்லை.

அடுத்து வேதாளத்தின் கேள்வி. அதுதான் கஷ்டம். ஆண்டு எது, கவர்னர் யார் என்று வேதாளம் கேட்காது, நியாயம் கேட்கும். யோசித்து யோசித்து எழுதினாள்: ‘மன்னா! தோட்டக்காரருக்கு நிலம் போனது. தறிக்காரர்களுக்கு இருக்க இடம் கிடைத்தது. கம்பெனிக்குத் துணி கிடைத்தது. தறிக்காரர்கள் உண்மையில் சந்தோஷமாக இருந்தார்களா?’

எழுதிவிட்டு அவளே திகைத்தாள்.

“தாத்தா, சந்தோஷமா இருந்தாங்களா?”

“தெரியாதும்மா.”

“போன்லயும் இல்ல. அப்போ பதில் என்ன எழுதறது?”

தாத்தா கடைசிக் கதையை நினைவுபடுத்தினார். தந்தை ஒரு பெண்ணை மணக்கிறார். மகன் அந்தப் பெண்ணின் தாயை மணக்கிறான். இரண்டு பேருக்கும் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். வாயைத் திறந்தால் வேதாளம் பறந்துவிடும். ராஜாவுக்கு அன்று உண்மையிலேயே பதில் தெரியவில்லை. பேசாமல் நடந்தார். தலையும் வெடிக்கவில்லை, வேதாளமும் பறக்கவில்லை. அத்தனை கேள்விக்கும் பதில் சொன்னவர், தெரியாமல் நின்ற இடத்தில்தான் ஜெயித்தார்.

பெண் கடைசி வரியை எழுதினாள்: ‘விக்கிரமாதித்தன் மௌனமாக இருந்தான். ஏனென்றால், தறிக்காரர்கள் சொன்னது எனக்கு எங்கேயும் கிடைக்கவில்லை.’

மணி பத்தரை. சார்ட் பேப்பரில் படம்கூட ஒட்டவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வேதாளத்துக்குப் பதில் ஹாரி பாட்டர் பிடித்திருக்கலாம். ஹாரி நம் ஊர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கினால் என்ன பார்ப்பான் என்று எழுதச் சொல்லுங்கள். மந்திரக் கடையின் கணக்கு நோட்டைப் போடச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று: பிடித்த புத்தகத்தில் இருந்தே கேள்வித்தாள் எடுத்துவிடாதீர்கள். எந்த அத்தியாயம், எந்தப் பக்கம் என்று கேட்டால் அந்தப் புத்தகமும் பாடப் புத்தகம் ஆகிவிடும். பிள்ளை அதையும் மூடி வைத்துவிடும்.

வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறியது என்று நாம் சலித்துக்கொள்வோம். கதை கேட்கும் பிள்ளைக்கு அது நல்ல செய்தி. இன்னொரு கதை பாக்கி இருக்கிறதே!