அழிக்கும் முன் அளந்து பாருங்கள்



கல்வியாண்டு முடியும் வேளையில் கணினிகளில் ‘வட்டு நிரம்பிவிட்டது’ என்னும் எச்சரிக்கை தோன்றுவதுண்டு. “பழைய கோப்புறைகளை அழித்துவிடலாம்” என்று உடனே யாரேனும் சொல்வர். அவற்றுள் மாணவர்களின் தமிழ்க் கட்டுரைகளும் போய்விடும். செங்காங் வீடுகளில் தீபாவளிக்கு முன் பண்டக அறையை ஒழிக்கும்போதும் இப்படித்தான். பிள்ளைகளின் பயிற்சி நூல்கள் முதலில் வெளியேறும். ஓடாத மின்விசிறி மட்டும் இடத்தை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருக்கும்.

பழமை வேறு, பருமன் வேறு. அளக்காமல் எதையும் அழிக்கக்கூடாது என்பதே என் கருத்து.

அளப்பதற்கு லினக்ஸில் இரண்டு சிறிய ஆணைகள் உள்ளன. இரண்டும் 1971-இல் வந்த யூனிக்ஸ் முதற்பதிப்பிலேயே இருந்தவை. முனையத்தில் ஆங்கில எழுத்துகளால் ‘டிஎஃப் -எச்’ என்று தட்டினால், வட்டில் எவ்வளவு நிரம்பியுள்ளது, எவ்வளவு மீதம் என்று தெரியும். ‘டியு -எஸ்எச்’ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு உடுக்குறி இட்டால், அங்குள்ள ஒவ்வொரு கோப்புறையும் பிடித்திருக்கும் இடம் வரிசையாக வரும். மேக் கணினியின் முனையத்திலும் இவை இயங்கும். விண்டோஸில் கோப்புறையை வலச்சொடுக்கிப் பண்புகளைப் பார்த்தாலே போதும்.

இனி ஒரு கணக்கு. யூனிகோடு முறையில் சேமிக்கப்படும் ‘தமிழ்’ என்ற சொல்லுக்குப் பொதுவாக 15 பைட் தேவை. நூறு சொற்கள் கொண்ட கட்டுரை, வெறும் உரைக்கோப்பாக இருந்தால், ஏறத்தாழ மூன்று கிலோபைட்டுக்குள் அடங்கும். லினக்ஸ் பெரும்பாலும் நான்கு கிலோபைட் கட்டங்களாக இடம் ஒதுக்குவதால், ‘டியு’ அதை நான்கு என்று காட்டும். நாற்பது மாணவர்கள் ஆளுக்குப் பத்துக் கட்டுரைகள் எழுதினாலும் மொத்தம் 1600 கிலோபைட்தான். கைப்பேசியில் எடுத்த ஒரே புகைப்படம் இதைவிடப் பெரிதாக இருக்கலாம். கலைநிகழ்ச்சி அசைபடம் ஒரு நிமிடத்திற்கே பல பத்து மெகாபைட் விழுங்கும். கட்டுரைகளை அழிப்பதால் வட்டில் இடம் கிடைத்துவிடாது.

நான் பயிற்சி பெற்ற தேசியக் கல்விக் கழகத்தில் முன்பு விரிவுரையாளராக இருந்தவர் நா. கோவிந்தசாமி. 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாட்டை முன்னின்று நடத்தியவர். தமிழைக் கணினியில் ஏற்ற அவர் போன்றோர் அரும்பாடுபட்டனர். அப்படி ஏறிய எழுத்தை ஒரு விசைத்தட்டலில் நாம் இழக்கலாமா?

நிகழ்ச்சி அசைபடத்தின் படி வேறு பலரிடமும் இருக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை தன் பாட்டியைப் பற்றி எழுதிய பத்து வரிக்கு வேறு படி இராது. அதே பிள்ளை ஆறாம் வகுப்பில் எழுதுவதோடு ஒப்பிட்டால்தான் அதன் மொழி வளர்ந்த விதம் நமக்கும் பெற்றோருக்கும் விளங்கும்.

ஆகவே, இவ்விடுமுறையில் முதலில் அளந்து பாருங்கள். பருமனானவற்றுள் வேறிடத்தில் படி உள்ளவற்றை மட்டும் நீக்குங்கள். கட்டுரைகளை இன்னொரு வட்டிலும் படியெடுத்து வையுங்கள். வீட்டில் பிள்ளைகளையே அளக்கச் சொல்லி, கண்டதைத் தமிழில் சொல்லச் செய்யுங்கள். கணக்கும் மொழியும் ஒருங்கே வளரும்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்