விழுற பல்லுத்தானே?

பால்பல் விழுந்தால் என்ன செய்வது என்று சாம்பல்தீவில் யாரும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. கூரைக்கு மேல எறியிறதுதான். பழசை எடுத்துக்கொண்டு புதுசைத் தா என்று அணிலிட்டக் கேட்கிறதுதான். கிடுகுக் கூரை தகரமாச்சு, தகரம் ஓடாச்சு. எறியிற கை மட்டும் மாறேல்ல.

இப்ப இதுக்கும் ஒரு சண்டை வந்திருக்கு. கனடாவில, லண்டனில இருக்கிற சொந்தக்காரர் பிள்ளையின் தலையணைக்குக் கீழே பல்லை வைத்து, காலையில் காசு எடுத்துக் காட்டி வீடியோ அனுப்புகிறார்கள். உடனே இங்கே ஒரு கூட்டம், "பல் தேவதை வந்து எங்கட அணிலை விரட்டிப்போட்டுது, பண்பாடு போச்சு" என்று பேஸ்புக்கில் ஒப்பாரி வைக்கிறது. இன்னொரு கூட்டம் அதையே நாகரிகம் என்று பிள்ளைக்குப் பழக்குகிறது.

இரண்டு பகுதியிட்டயும் நாங்கள் ஒன்றைத்தான் கேட்கிறோம். எறியிறதுக்கு முதல் அந்தப் பல்லை யாராவது பார்த்தீர்களா? கறுத்து, குழி விழுந்து, ஓரம் உடைந்து போன பல்லைத்தானே எத்தனையோ பிள்ளைகள் அணிலுக்குக் கொடுக்கிறார்கள்?

அணில் எங்களுக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. சிங்களப் பிள்ளைகளும் பல்லை எறிந்துவிட்டு 'லேனா'வைத்தான் கூப்பிடுகிறார்கள். ஸ்பெயினில் பல்லை வாங்க வருவது பெரெஸ் என்ற எலி. எட்டு வயது அரசன் 13ஆம் அல்போன்சோவுக்காக லூயிஸ் கொலோமா எழுதிய கதை அதைப் பிரபலமாக்கியது. அணிலும் எலியும் கொறிக்கிற சாதி. அதுகளின் முன்பல் சாகும்வரை வளரும். அப்படி ஒரு பல் என்ர பிள்ளைக்கும் வரட்டும் என்பதுதான் அந்த வேண்டுதல். பல்லுக்கு மதிப்புக் கொடுத்த சனம் கேட்ட வேண்டுதல் அது.

முதல் பல் முளைக்கும்போதும் நாங்கள் சும்மா இருப்பதில்லை. பல்லுக்கொழுக்கட்டை அவித்து, தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போலக் குத்தி, பிள்ளையின் தலையில் கொட்டி, ஊரைக் கூப்பிட்டுக் கொண்டாடுகிறோம். ஆக, வரவுக்கும் சடங்கு, போக்குக்கும் சடங்கு. இடையில் கிடக்கிற ஆறேழு வருசம்? சூப்பிப் போத்தலில் சீனி போட்ட பால், அதை வாயில் வைத்தபடியே நித்திரை. பிறகு பிளேன்ரீ, டொபி, கலர் சோடா. பல் கறுத்தால், "விழுற பல்லுத்தானே, விடு."

எங்கட சண்டை இந்த ஒரு வசனத்தோடுதான். தேவதையோடும் இல்லை, அணிலோடும் இல்லை.

விழுகிற பல்தான். ஆனால் எப்ப விழும்? முன்பல் ஆறேழு வயதில் விழும். பின்னால் இருக்கிற பால் கொடுப்புப்பல் பத்து, பன்னிரண்டு வயதுவரை நிற்க வேண்டியது. மூன்று வயதில் சூத்தை பிடித்தால், அந்தப் பிள்ளை மிச்சக் காலமெல்லாம் எதால் சப்பும்? இரவில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு அழுகிற பிள்ளை அடுத்த நாள் வகுப்பில் எதைக் கேட்கும்? பால்பல் கீழே வருகிற பல்லுக்கு இடம் பிடித்து வைக்கிற பல்லும்கூட. நேரத்துக்கு முன் அதைப் பிடுங்கினால் பக்கத்துப் பல் சரிந்து வந்து இடத்தை அடைக்கும். புதுப்பல் கோணலாக வரும். வேரில் சீழ் பிடித்தால் உள்ளே வளர்கிற பல்லும் பழுதாகலாம்.

இதைவிட மோசமான ஏமாற்று ஒன்று இருக்கு. ஆறு வயதளவில், கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு கொடுப்புப்பல் முளைக்கும். அதுக்காக எந்தப் பல்லும் விழாது. எதுவும் விழாததால் கூரைக்கு எறிய ஒன்றும் இல்லை, அணிலைக் கூப்பிடவும் இல்லை. வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் அது வரும். ஆனால் அது பால்பல் இல்லை, சாகும்வரை இருக்கவேண்டிய பல். அதில் கறுப்புப் புள்ளி விழும்போதும் அதே வசனம்தான்: "விழுற பல்லுத்தானே." அது விழுந்தால் எந்த அணிலாலும் திருப்பித் தர ஏலாது.

"எங்கட அப்பு வேப்பங்குச்சியாலயும் உமிக்கரியாலயும் விளக்கினவர், எண்பது வயதிலயும் கரும்பு கடிச்சவர்" என்று சொல்ல ஆள் வரும். அப்பு காலையும் மாலையும் டொபி சூப்பினவரா? இந்தளவு சீனியை எந்தக் கரியும் தாங்காது. புளோரைட் உள்ள பற்பசை வேண்டும், மூன்று வயதுக்குப் பிறகு ஒரு பட்டாணி அளவு போதும். காலையில் மட்டுமில்லை, படுக்கப் போக முன்னமும் விளக்க வேண்டும். ஏழெட்டு வயதுவரை பெரியாக்கள் கூட நின்று விளக்கிவிட வேண்டும்.

"கூலி வேலைக்குப் போறனாங்கள், கடலுக்குப் போறனாங்கள், ஒரு நாளை விட்டுப்போட்டு ரவுணுக்குப் பல்லுக் காட்டப் போகேலுமோ?" என்பது மட்டும் நியாயமான கேள்வி. அதைத் தாயைத் திட்டிக் கடக்க முடியாது. இந்த நாட்டில் பாடசாலைப் பல் சிகிச்சைச் சேவை இருக்கிறது. நியூசிலாந்தைப் பார்த்துத் தொடங்கி, மகரகமவில் அதற்கென்றே ஆட்களைப் பயிற்றுகிறார்கள். பிள்ளைகளுக்கு அது இலவசம். யாரும் போடுகிற பிச்சை இல்லை, உரிமை. எங்கட பக்கத்துப் பாடசாலைக்கு அந்தச் சேவை எப்ப வரும், எத்தனை பிள்ளைகளைப் பார்க்கும் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்க வேண்டும். கோயில் திருவிழாவுக்குக் கணக்குக் கேட்கிற ஊர் இதுக்கும் கணக்குக் கேட்கட்டும்.

சடங்கை விடச் சொல்லவில்லை. அதுக்கு ஒரு வேலை கொடுக்கச் சொல்கிறோம். முதல் பல் விழுகிற நாளில் பிள்ளையை வெளிச்சத்தில் இருத்தி, வாயைத் திறந்து கடைசிவரை பாருங்கோ. புதுக் கொடுப்புப்பல் நாலும் வந்துவிட்டதா என்று எண்ணுங்கோ. கறுப்பு ஏதும் தெரிந்தால் வலிக்க முதலே காட்டுங்கோ. பிறகு கூரைக்கு எறியுங்கோ. காசு வைக்க ஆசையென்றால் தலையணைக்குக் கீழேயும் வையுங்கோ, அதோடு ஒரு புது பிறஸ்ஸையும் சேர்த்து வையுங்கோ.

நல்ல பல் கேட்கிறவர்கள் நல்ல பல்லைக் கொடுத்துக் கேட்க வேண்டும். சூத்தைப் பல்லை எறிந்துவிட்டு அணிலிடம் முத்துப்பல் கேட்பது வேண்டுதல் இல்லை, கள்ள வியாபாரம்.