எந்த ஊர்க்காரர் பேசுகிறார்?

சத்தியவேடு பகுதியில் டீக்கடை ஒன்றில் கால் மணி நேரம் நின்றால் தமிழும் தெலுங்கும் மாறி மாறிக் காதில் விழும். 1960 ஏப்ரல் 1இல் நடந்த எல்லை மாற்றத்தில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேடு ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்துக்குப் போனது. கோப்புகள் இடம் மாறின. வீட்டில் பேசும் மொழி மாறவில்லை. இந்தப் பகுதியில்தான் 2008இல் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் எழுந்தது. 2022 முதல் இது திருப்பதி மாவட்டம். கார், சாக்லேட், செல்போன் என்று பலவும் தயாரான இந்த ஆலைகளுக்கு இரு மாநிலத்து இளைஞர்களும் வேலைக்கு வருகிறார்கள்.

இங்கே ஓர் ஆலை, புதிதாகச் சேரும் தொழிலாளர்களுக்காகப் பாதுகாப்பு விடியோ ஒன்று தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். நடப்பது என்ன என்பது இந்தத் தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். ஸ்கிரிப்ட் ஆங்கிலத்தில் எழுதப்படும். ட்ரோன் ஒன்று ஆலையின் கூரைமேல் பறக்கும். நிர்வாக இயக்குநர் கோட் அணிந்து மூன்று நிமிடம் பேசுவார் (அவருடைய பேச்சை வெட்ட யாருக்கும் தைரியம் வராது). எல்லாம் முடிந்த பிறகு, தமிழும் தெலுங்கும் வேண்டும் என்ற நினைப்பு வரும். மாலையில் மொழிபெயர்ப்பாளரிடம் காகிதம் போகும்; மறுநாள் காலையில் ஒலிப்பதிவு.

பிழை அங்கேதான் நுழைகிறது. ஆங்கிலத்தில் பத்து விநாடியில் முடியும் வாக்கியம் தமிழில் பெரும்பாலும் அதற்குள் அடங்காது. படமோ ஏற்கெனவே வெட்டி ஒட்டப்பட்டுவிட்டது. எனவே அறிவிப்பாளர் மூச்சு விடாமல் ஓடுகிறார்: ‘இயக்கத்தைத் தொடங்குவதற்கு முன்பாகப் பாதுகாப்பு மூடி உரிய நிலையில் பொருத்தப்பட்டிருப்பதை உறுதி செய்து கொள்ளவும்.’ இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் ஆலைக்குள் மேஸ்திரி சொல்வது வேறு: ‘மூடியைப் போட்டுட்டு அப்புறம் சுவிட்சைப் போடு.’ பத்தொன்பது வயதுப் பையனின் விரலைக் காப்பாற்றக்கூடியது இரண்டாவது வாக்கியம்தான்.

நம் நாட்டில் இதற்கு நல்ல முன்னுதாரணங்கள் இல்லாமல் இல்லை. பால் கூட்டுறவு பற்றி ஆவணப்படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஷியாம் பெனகலுக்கு, அவை ஏற்கெனவே நம்புகிறவர்களிடம் மட்டுமே போய்ச் சேர்வதாகப் பட்டது. கதைப்படம் எடுக்கலாம் என்றார். வர்கீஸ் குரியன் வழி கண்டுபிடித்தார்: குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு ரூ. 2 போட்டார்கள். 1976இல் வெளிவந்த ‘மந்தன்’ அந்தப் பணத்தில் எடுத்ததுதான். அதன் பிரதிகள் பிற மாநிலக் கிராமங்களுக்குப் போனபோது கால்நடை மருத்துவரும் பால் தொழில்நுட்ப ஆளும் கூடவே போனார்கள். இந்தக் கடைசித் தகவலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். படம் ஆவலைக் கிளப்பலாம். பாலை அளந்து வாங்கிக் காசு கொடுக்க ஆள் வேண்டும். கறவை மாடுகளுக்குப் பேர்போன சித்தூரிலேயே கூட்டுறவுப் பால் பண்ணை 2002இல் மூடப்பட்டது. அதை அமுல் மூலம் மீட்க அடிக்கல் நாட்டியது 2023இல். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் எந்தப் படமும் அந்தக் கதவைத் திறந்திருக்காது.

இன்னொரு உதாரணம் பக்கத்துக் கர்நாடகத்தில் கிடைக்கிறது. பெங்களூரில் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சிக்கூடத்தில் 2006இல் பிறந்த ‘டிஜிட்டல் கிரீன்’ திட்டம், விவசாயிகளையே கேமரா முன் நிறுத்தியது. உரம் தயாரிப்பதை ஒரு விவசாயி செய்து காட்டுவார். அதை அக்கம்பக்கத்து ஊர்களில் சிறு கூட்டங்களில் போட்டுக் காட்டி, நடுநடுவே நிறுத்திப் பேசுவார்கள். 16 கிராமங்களில் 13 மாதம் நடந்த சோதனையில், வழக்கமான விவசாய விரிவாக்க முறையைவிட ஏழு மடங்கு அதிகமாகப் புதிய பழக்கங்கள் பரவின. ஒருவரை மாற்ற ஆகும் செலவைக் கணக்கிட்டால் பத்து மடங்கு பலன். பார்த்தவர்கள் முதலில் கேட்ட கேள்வி விதையையோ உரத்தையோ பற்றியதல்ல. ‘அவர் பேர் என்ன, எந்த ஊர்?’ என்றுதான் கேட்டார்கள்.

திரையில் தன்னைப் போன்ற ஒருவர் இருக்கிறாரா என்று பார்ப்பவர் தேடுகிறார். நடிகரின் மெருகேறிய குரலைவிட அதே ஷிப்டில் வேலை பார்க்கும் பெண் சற்றுத் தடுமாறிச் சொல்வது எடுபடுவது இதனால்தான். நகரியிலிருந்து வருபவருக்கு நகரிப் பேச்சு போதும். சென்னை வானொலித் தமிழ் தேவையில்லை.

திருப்பதியில் பெரிய நிறுவனமான தேவஸ்தானத்தையே பாருங்கள். கோவில் உற்சவத்துக்குப் படமே போதும், மொழி எதற்கு என்று இருந்திருக்கலாம். ஆனால் 2008இல் தெலுங்கில் தொடங்கிய அதன் எஸ்.வி.பி.சி. சேனல், 2017இல் தமிழுக்கும் 2021இல் கன்னடத்துக்கும் இந்திக்கும் தனித்தனிச் சேனல்களைத் திறந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பக்தர்களுக்குத் தரிசனம் நிறுத்தப்பட்டபோது வீட்டுக்குள் முடங்கியவர்களுக்கு மலையோடு இருந்த தொடர்பு அந்தச் சின்னத்திரைதான்.

தனியார் நிறுவனங்களுக்கு அத்தனை வசதி இருக்காது. தேவையும் இல்லை. படம் பார்த்தவர் மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் ஒரே வரியில் எழுதிக்கொள்ளட்டும். அந்த வரியைத் தமிழிலும் தெலுங்கிலும் ஆலைத் தொழிலாளியிடமே சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு, பிறகு ஸ்கிரிப்ட் எழுதட்டும். காட்சிகளை நீளமான மொழிக்கு ஏற்ப வெட்டினால் மற்ற மொழிகள் தாமாக உட்காரும். ட்ரோனுக்கு ஒதுக்கிய பணத்தைச் சட்டையில் குத்தும் மைக்குக்குக் கொடுக்கலாம்: படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்பவர்கள்கூட, எந்திர இரைச்சலில் குரல் மூழ்கினால் செல்போனை எடுத்துவிடுவார்கள். ஆலைக்குள்ளேயே திரை வைப்பதாக இருந்தால் சத்தம் எப்படியும் கேட்காது. பெரிய எழுத்தில் இரு மொழி வரிகள் வேண்டும்.

முதல் பிரதியை நிர்வாகக் கூட்டத்தில் காட்டுவதற்கு முன் கேன்டீனில் பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்பது நல்லது. ‘மியூசிக் சூப்பர் சார்’ என்று மட்டும் பதில் வந்தால் எடிட்டரை மறுபடி கூப்பிட வேண்டியதுதான்.