கூப்பிடு தூரம்

'உலகம் சுருங்கிவிட்டது' என்று மேடையில் யாராவது முழங்கினால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. தூத்துக்குடிக்காரனுக்கு அது அகன்றுகொண்டே அல்லவா போகிறது!

கணக்கைப் பாருங்கள். எங்கள் வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து கொழும்பின் கட்டுநாயக்கா, ஆகாய மார்க்கமாகச் சுமார் 265 கிலோமீட்டர். சென்னைக்குப் பறக்கும் சிறு விமானமே ஒரு மணி நேரத்தில் போய் இறங்கிவிடும். ஆனால் நேர் விமானம் கிடையாது. வடக்கே சென்னைக்குச் சுமார் 525 கிலோமீட்டர் பறந்து, அங்கே காத்துக் கிடந்து, மறுபடி தெற்கே 645 கிலோமீட்டர் வர வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை.

மதுரையிலிருந்து விமானம் உண்டே என்பார்கள். உண்டு. கடலோரத்தில் குடியிருப்பவன், கடலைத் தாண்டுவதற்காக 140 கிலோமீட்டர் உள்நாட்டுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்!

சில வருஷங்களுக்கு முன் கொட்டாஞ்சேனையில் என் பெரியம்மா காலமானாள். இரவில் செய்தி வந்தது. மறுநாள் மாலை நாலு மணிக்கு அடக்கம். நான் சென்னை சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு. முகத்தைப் பார்க்கவில்லை, புது மண்ணைத்தான் பார்த்தேன்.

அவளுடைய பாட்டனார் காலத்தில் இந்த அவலம் இல்லை. 1914-இல் தனுஷ்கோடிப் பாதை திறக்கும் வரையில், சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் இங்கேதான் கொழும்புக் கப்பல் ஏறினார்கள். மாலையில் ஏறினால் காலையில் கொழும்பு. முத்துக் குளிப்பவர்களோ இந்தக் கரைப் பாருக்கும் மன்னார்ப் பாருக்கும் போய் வந்துகொண்டிருந்தார்கள். மன்னார் வளைகுடா அவர்களுக்கு எதிர் வீட்டுக்குப் போகிற தெரு.

"கப்பல் விட்டால் கட்டுமா?" என்று கேட்கிறார்கள் கெட்டிக்காரர்கள். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோதும் இதே கேள்விதான். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து அவரை நசுக்கப் பார்த்தது. அவர் லாபத்தை மட்டும் எண்ணியிருந்தால் வக்கீல் தொழிலோடு சௌகரியமாக இருந்திருப்பார்.

நாம் என்ன செய்தோம்? 2011-இல் துறைமுகத்துக்கு அவர் பெயரைச் சூட்டினோம். அதே வருஷம் ஜூனில் கொழும்புக்குப் பயணிகள் கப்பல் விட்டோம். நவம்பரில் அது நின்றது. பெயர்ப் பலகை மட்டும் நிற்கிறது!

சரக்குப் பெட்டிகளுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அவை இங்கிருந்து ஜம்மென்று கொழும்புக்குப் போய் அங்கே பெரிய கப்பல் மாறுகின்றன. பனியன் போகலாம், அதைத் தைத்தவன் போகக் கூடாதா?

2025 ஜூலையில் வாகைக்குளத்துக்குப் புதிய முனையம் வந்தது. 1,350 மீட்டர் ஓடுபாதை 3,115 மீட்டராயிற்று. சந்தோஷம். ஆனால் பாதை நீண்டால் போதுமா? பயணம் அல்லவா குறைய வேண்டும்! தூரத்தை அளப்பது கிலோமீட்டர் அல்ல, ஐயா. அழுகிற வீட்டுக்கு எத்தனை மணியில் போய்ச் சேரலாம் என்பதுதான் தூரம்.

வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு சிறு விமானம், இல்லையேல் ஒரு கப்பல் விடுங்கள். பிறகு உலகம் சுருங்கிவிட்டது என்று முழங்குங்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து நானே கை தட்டுகிறேன்.